பந்தயக் கூடம் பார்க்க ஆசை: கெந்திங் மலையா, சுங்கை பீசியா, சிங்கப்பூரா, லாஸ் வேகாஸா?

"கெந்திங் ஏறுனா பந்து மேட்ச்சுக்குக் காசு கட்டலாமாண்ணே?" காற்பந்துப் பருவம் தொடங்கினால் இந்தக் கேள்வி யாரிடமிருந்தாவது வந்துவிடும். கட்ட முடியாது. மலேசியாவின் கெந்திங் மலைமேல் பக்காராட் என்ற அட்டையாட்டம் உண்டு, ரூலெட் உண்டு, தாய் சாய் என்ற பகடையாட்டம் உண்டு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஜாக்பாட் மெஷின்கள் உண்டு. லிவர்பூல் ஜெயிக்கும் என்று பணம் வாங்கிக்கொண்டு சீட்டுத் தரும் கவுண்டர் கிடையாது. நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ அதுதான் என்பதால் எல்லா வகைச் சூதும் அங்கே இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

காரணம் சட்டம். 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் பந்தயப் பணம் வாங்கும் புக்கியை மட்டுமா பிடிக்கும், அவனிடம் கட்டுகிறவரையும் சேர்த்துத்தான் பிடிக்கும். குதிரைப் பந்தயத்துக்கும் லாட்டரி விற்கும் நம்பர் கடைகளுக்கும் தனிச் சட்டமும் உரிமமும் இருக்கின்றன, காற்பந்துக்கு இல்லை. ஒருமுறை வரப் பார்த்தது. 2010இல், தென்னாப்பிரிக்க உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்னால், தொழிலதிபர் வின்சென்ட் டானின் அஸ்கோட் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. கிண்ணப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த ஜூன் மாதக் கடைசியிலேயே, உரிமம் தரப்போவதில்லை என்று அன்றைய பிரதமர் நஜிப் சொல்லிவிட்டார். அந்தக் கதவு அப்போது மூடியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்றைக்கு நாம் படங்களில் பார்க்கிற மாதிரி, சுவர் முழுக்கத் திரையும் சொகுசு நாற்காலிகளுமாகக் கேசினோவுக்குள் இருக்கும் பந்தயக் கூடத்துக்கு முன்னோடி, லாஸ் வேகாஸில் ஸ்டார்டஸ்ட் ஹோட்டலில் 1976இல் திறந்த கூடம். அதற்கு முந்தைய ஆண்டுதான் நெவாடா மாநிலம் கேசினோக்களுக்குள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்திருந்தது. அதுவரை பந்தயக் கடைகள் வெளியே தனிக் கடைகளாக, சாக்பீஸால் எழுதிய பலகையும் சுருட்டுப் புகையுமாக இருந்தன. ஸ்டார்டஸ்ட் கட்டடத்தை 2007இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த மனையை 2013இல் வாங்கியது நம் கெந்திங் குழுமம். 2021 ஜூன் 24 அன்று அங்கே ரிசார்ட்ஸ் வேர்ல்ட் லாஸ் வேகாஸ் திறந்தது, உள்ளே பந்தயக் கூடத்தோடு. பகாங் மலைக்காட்டில் லிம் கோ தோங் 1965இல் தொடங்கிய நிறுவனம், சொந்த மலையில் வைக்க முடியாததை அது புகழ்பெற்ற மனையிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறது.

சரி, கோலாலம்பூரில் இருக்கிற ஒருவருக்கு ஆசை வந்துவிட்டது. எங்கே போவது? இதற்கு விடை தேடும்முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேண்டியது சீட்டா, கூடமா? அதாவது சட்டத்துக்கு உட்பட்டு ஆட்டத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் பார்க்க வேண்டுமா, அல்லது பத்து ஆட்டம் ஒரே சுவரில் ஓட, முன்பின் தெரியாத இருநூறு பேரோடு சேர்ந்து கத்த வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். அவர்களே அதை ஒப்புக்கொள்ளாமல் முதலாவதற்குக் கள்ளப் பந்தய ஏஜென்டைத் தேடுகிறார்கள்.

கெந்திங்கை முதலில் முடித்துவிடலாம். கேஎல் சென்ட்ரலில் பஸ் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம், சனிக்கிழமை காலை என்றால் இன்னும் கூட. மேலே குளிர், மூடுபனி, கேபிள் கார், பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பூங்கா. கேசினோவுக்குள் நுழைய வயது 21 ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. கூட்டத்தில் மாமாக் (தமிழ் முஸ்லிம்) நண்பர் ஒருவர் இருந்தால் அவர் வெளியே காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அவருடைய மைகார்ட் அடையாள அட்டையிலேயே அது எழுதியிருக்கிறது. ஆட்டம் பார்க்கத் திரை வைத்த பார்கள் இருக்கின்றன. ஆனால் ஆட்டம் பார்ப்பதற்காகவே மலையேறுவது பண விரயம். அதைவிட முக்கியமாக, இடைவேளையில் "சும்மா ஒரு பத்து நிமிஷம்" என்று மேசைப் பக்கம் போனவர் இரண்டாம் பாதியைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. குடும்பத்தோடு போய்க் குளிரை அனுபவிக்கப் போங்கள். பந்தயக் கூடம் பார்க்கப் போகாதீர்கள்.

சுங்கை பீசிக் குதிரைப் பந்தயத் திடலைப் பலர் மறந்தே போய்விட்டார்கள். சிலாங்கூர் டர்ஃப் கிளப் 1896இல் தொடங்கியது. இரட்டைக் கோபுரமும் கேஎல்சிசி பூங்காவும் இருக்கும் இடத்தில்தான் அதன் பழைய ஓடுதளம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுங்கை பீசிக்கு மாறியது. இங்கே குதிரைக்குப் பணம் கட்டுவது முழுக்கச் சட்டப்படியானது, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. இன்னொன்று, இங்கே நடப்பது டோட் முறை. எல்லாரும் கட்டுகிற பணம் ஒரே உண்டியலில் விழும். அதில் கழிவும் வரியும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குள் பங்கிடுவார்கள். அதனால் நீங்கள் மோதுவது கிளப்போடு அல்ல, பக்கத்து நாற்காலியில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பந்தயப் புத்தகத்தைப் புரட்டுகிறாரே, அந்தப் பெரியவரோடு. எல்லாரும் ஒரே குதிரைமேல் கட்டினால் பலகையில் அதன் விலை, அதாவது ஜெயித்தால் கிடைக்கும் பணம், கண்முன்னே இறங்கும். சன்னல் மூடும்வரை என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு இங்கே பிடித்தது ஓட்டத்துக்கு முந்தைய பதினைந்து நிமிடம். குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். வேலியோரம் நின்றால் வியர்த்த கழுத்தும், நரம்பு புடைத்த காலும், காதைப் பின்னுக்கு மடித்து முரண்டு பிடிக்கும் ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் போகும். புத்தகத்தில் எத்தனை எண்கள் இருந்தாலும் அந்த நடையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று சொல்கிற பழைய ஆட்கள் இன்னும் வருகிறார்கள். உள்ளூர் ஓட்டம் இல்லாத நாளில் வெளிநாட்டு ஓட்டங்களைத் திரையில் காட்டுவார்கள். அப்போது அது கிட்டத்தட்ட வேகாஸ் கூடத்தின் ஏழைத் தம்பி. வயதானவர்கள் அதிகம், சத்தம் குறைவு, செலவும் குறைவு. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் போவது நல்லது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப் 2025 மே மாதத்தோடு ஓட்டங்களை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், சிங்கப்பூரில் கடைசி ஓட்டம் முடிந்துவிட்டது. தீபகற்பத்தில் இப்போது பெயர் சொல்ல ஈப்போவும் சுங்கை பீசியும்தான்.

காற்பந்துக்கே சட்டப்படி கட்டிப் பார்க்க வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது சிங்கப்பூர். இங்கேயும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும்: மரினா பே சேண்ட்ஸிலும் செந்தோசாவிலும் கேசினோ இருக்கிறது, ஆனால் விளையாட்டுப் பந்தயம் கேசினோவின் வேலை அல்ல. அது அரசு சார்ந்த சிங்கப்பூர் பூல்ஸ் கையில். அடுக்குமாடிக்குக் கீழே, மளிகைக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய கிளைகளில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கலாம். நம் ஊர் நம்பர் கடையில் நிற்கிற அதே வரிசை, அதே பெஞ்சு, அதே மொட்டைப் பென்சில். விளையாட்டுகளில் காற்பந்தும் காரோட்டமும் மட்டும்தான். ஐபிஎல்லுக்குக் கட்டலாம் என்று கனவு காணும் கிரிக்கெட் ரசிகர்கள் எல்லை தாண்டும் காஸ்வேயில் நெரிசலில் நிற்க வேண்டாம். கேசினோவையும் எட்டிப் பார்க்கலாம் என்றால், உள்ளூர்க் குடிமக்கள் 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும், நாம் கடப்பிதழைக் காட்டினால் இலவசம். தன் மக்களிடம் கட்டணம் வாங்கி நம்மைச் சும்மா உள்ளே விடுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று வழியில் யோசித்துக்கொண்டே போகலாம்.

சீனாவின் மக்காவ் நகரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாலு மணி நேர விமானம், விசா வேண்டாம். அங்கே விளையாட்டுப் பந்தயம் மக்காவ் ஸ்லாட் என்ற ஒரே நிறுவனத்திடம்தான். 1998 உலகக் கிண்ணத்தின்போது காற்பந்தில் தொடங்கி, பிறகு கூடைப்பந்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மக்காவ் போகிறவர்கள் போவது பக்காராட்டுக்கு. பந்தயக் கூடம் அங்கே ஓரத்துப் பிள்ளைதான். முட்டை டார்ட்டும் பழைய தேவாலயமும் பார்க்கப் போகிறவர் வழியில் எட்டிப் பார்த்தால் போதும்.

ஆக, கூடம்தான் வேண்டும் என்பவருக்கு மிச்சம் இருப்பது வேகாஸ். இதற்காக மட்டும் போங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். நேரடி விமானம் இல்லை, ஜாலான் துன் ரசாக்கில் அமெரிக்கத் தூதரக விசா நேர்காணல் வேறு. ஆனால் மகன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான், மகளுக்குப் பட்டமளிப்பு என்று எப்படியும் அந்தப் பக்கம் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு ஒரு நாள் ஒதுக்குவது தகும். எந்தக் கூடம் என்பதில்தான் யோசிக்க வேண்டும்.

பழையவர்களுக்கு வெஸ்ட்கேட். 1986இல், ஹில்டன் என்ற பெயரில் இருந்த காலத்தில், சூப்பர்புக் என்று தொடங்கியது. 30,000 சதுர அடி. திரைச் சுவர் மட்டும் 220 அடி நீளம். நம் தைப்பூசக் கூட்டத்தில் ரதத்தைப் பார்க்க எக்குகிற மாதிரி எக்க வேண்டாம், எங்கே உட்கார்ந்தாலும் தெரியும். ஸ்ட்ரிப் என்கிற பெரிய சாலையிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் வெறும் வேடிக்கைக் கூட்டம் குறைவு. வாயில் பேனாவைக் கடித்துக்கொண்டு தாளில் கணக்குப் போடுகிற ஆட்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்ப்பதே ஒரு காட்சி.

இளவட்டங்களுக்கு சர்க்கா. 2020 அக்டோபரில் பழைய நகர்ப் பகுதியான ஃப்ரீமாண்ட் தெருவில் திறந்தது. மூன்று மாடி உயரத்துக்குக் கூடம், ஏறத்தாழ ஆயிரம் பேர் உட்காரலாம், அரங்கம் மாதிரி படிப்படியாக இறங்கும். வெளியே நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டே ஆட்டம் பார்க்கப் பெரிய திரை. பெரிய ஆட்ட நாளில் நல்ல இருக்கைக்கு முன்பதிவும் குறைந்தபட்சச் செலவும் கேட்பார்கள். ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது: ஹோட்டல் முழுவதுமே 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போனால் வரவேற்பறையைக்கூடத் தாண்ட முடியாது. குடும்பமாகப் போகும் நம் ஆட்களுக்கு இந்த ஒரு விதியே முடிவைச் சொல்லிவிடும்.

கெந்திங்குடைய ரிசார்ட்ஸ் வேர்ல்டில் கூடம் டாக் ஹவுஸ் என்ற பாரோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. அளவில் மற்ற இரண்டுக்கும் ஈடாகாது. பந்தயத்துக்கு வருகிறவரைவிட பர்கர் சாப்பிட வந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு ஏற்றது. மனைவி, பிள்ளைகள் வேறு பக்கம் சுற்ற இடம் உண்டு. ஹோட்டல் திறந்தபோது கீழே உணவங்காடியில் பினாங்கு சார் குவே தியாவ் கடையும் வைத்திருந்தார்கள். அந்த விலைக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு குடும்பமே சாப்பிடலாம். ஸ்டார்டஸ்ட் மனையில் நிற்க வேண்டும் என்ற சரித்திர ஆசை இருந்தால் ஒரு நடை போய் வரலாம். கூடத்துக்காக என்றால் என் ஓட்டு வெஸ்ட்கேட்டுக்கு.

கவுண்டரில் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் பலர் கூச்சப்பட்டு நாற்காலியிலேயே இருந்துவிடுகிறார்கள். பலகையில் ஒவ்வொரு அணிக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அமெரிக்க ஆட்டங்களில் மேலே இருப்பது வெளியூர் அணி, ஒற்றைப்படை எண். கீழே உள்ளூர் அணி, இரட்டைப்படை எண். அணியின் பெயரைவிட அந்த எண்தான் அங்கே மொழி. "நானூற்று ஐம்பத்து நான்கு, இருபது டாலர்" என்று சொல்லிப் பணத்தை நீட்டினால் போதும். சீட்டு கைக்கு வந்ததும் சன்னலை விட்டு நகராமல் படியுங்கள்: எண் சரியா, அணி சரியா, தொகை சரியா. நகர்ந்தபின் திருத்தம் கேட்டால் சங்கடம். பல இடங்களில் சீட்டோடு ஓர் இலவசப் பானச் சீட்டும் தருவார்கள், கேட்டால்தான் சிலர் தருவார்கள்.

விலையைப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். "-110" என்று போட்டிருந்தால் 110 டாலர் கட்டினால் ஜெயிக்கும்போது 100 டாலர் லாபம். எதிர் அணிக்கும் பெரும்பாலும் அதே -110 தான் இருக்கும். நூறு முறை கட்டி ஐம்பது ஜெயித்து ஐம்பது தோற்றால், வந்தது 5,000, போனது 5,500. பாதிக்குப் பாதி சரியாகச் சொல்கிறவனும் ஐந்நூறு டாலர் கைவிட்டு வருவான். கைக்கடி இல்லாமல் வர வேண்டுமானால் நூற்றுக்கு 52.4 முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்ச் சீட்டில் விலை வேறு மாதிரி, ஒரு வெள்ளி கட்டி ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தமாக எழுதியிருக்கும். எடுத்துக்காட்டுக்கு, வெற்றிக்கு 1.80, சமனுக்கு 3.30, தோல்விக்கு 3.90 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றை அந்த எண்ணால் வகுத்துக் கூட்டிப் பாருங்கள்: 1.115 வரும். ஒன்றுக்கு மேல் இருக்கிற அந்தப் பதினொன்றரை சதவீதம்தான் கடைக்காரரின் பங்கு வரும் வழி. வேகாஸின் -110க்கு -110 விலையில், இரு பக்கத்துக்கும் 110ஐ 210ஆல் வகுத்துக் கூட்டினால், இதே கணக்கு 1.048. எங்கே போனாலும் கைப்பேசியில் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்தால் எந்தக் கடை அதிகம் கடிக்கிறது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நேரக் கணக்கும் ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு இங்கிலாந்தில் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு பத்து மணி, அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்று. வேகாஸில் அதே ஆட்டம் காலை ஏழு மணி. ஐபிஎல் மாலை ஆட்டமும் அங்கே ஏழு மணிக்குத்தான் தொடங்கும். ராத்திரி வெளிச்சமும் ஆரவாரமுமாகக் கற்பனை செய்துகொண்டு போகிறவர், முட்டையும் கருப்புக் காப்பியும் வைத்துக்கொண்டு பாதி காலியான கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பெரிய சுவரில் ஓடுவது எப்போதும் அமெரிக்கக் காற்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால். நம் ஆட்டத்தை ஓரத்துத் திரை ஒன்றில் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். கூட்டத்தோடு கத்தத்தான் போகிறீர்கள் என்றால், செப்டம்பருக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் அவர்கள் ஆட்டத்தையே பாருங்கள். விதி புரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் அழுவதும் சிரிப்பதும் புரியும்.

நம் ஊரிலேயே இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் இழுத்துக் கட்டிய புரொஜெக்டர் திரையும், தே தாரிக்கும், எதிர்மேசை ஆர்சனல் ரசிகனின் புலம்பலும் கிடைக்கின்றன. கூடத்தின் சுகத்தில் முக்கால்வாசி இதுதான். செலவு பத்து வெள்ளிக்குள். இதில் ஓட்டை எங்கே விழுகிறது என்றால், அதே மேசையில் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "இந்த லிங்க்ல போ தம்பி, காசு அப்புறம் கொடுத்தா போதும்" என்பார். வேகாஸில் கையில் இருக்கும் காசுக்குத்தான் சீட்டு. இங்கே ஏஜென்ட் தருவது கடன் சீட்டு. காசு முன்னால் போகாததால் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகும், வாரக் கடைசியில் வந்து நிற்பவர் ஏஜென்டாகவும் இருக்கலாம், கந்துவட்டிக்கார ஆலோங்காகவும் இருக்கலாம். உலகக் கிண்ணச் சமயத்தில் போலீஸ் நடத்தும் ஓப்ஸ் சோகா சோதனையில் சிக்கினால் வக்கீல் செலவு தனி. ஜெயித்த பணத்தைத் தராவிட்டாலும் எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. நான் ஒப்பிட்டதில் இந்த ஒன்றை மட்டும் எந்த விலைக்கும் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

அடுத்த மாதம் மகளைப் பார்க்க லாஸ் ஏஞ்சல்ஸ் போகிற செந்தூல் தம்பதிக்கு நான் சொன்னது: காரில் நாலைந்து மணி நேரம், வெஸ்ட்கேட்டில் ஓர் இரவு, ஆளுக்கு நாற்பது டாலர், அதற்கு மேல் ஏடிஎம் அட்டை அறையிலேயே இருக்கட்டும். கிளம்பும் நேரம் பார்த்து, ஆட்டம் முடிந்து பணம் வாங்க இடைவெளி இருக்கிற ஆட்டத்துக்கே கட்டச் சொன்னேன். ஜெயித்த சீட்டைத் தபாலில் அனுப்பிப் பணம் வாங்கும் வழியும் சீட்டின் பின்னால் அச்சாகியிருக்கும். ஆனால் முப்பது டாலருக்கு வரும் அமெரிக்கக் காசோலையை இங்கே வங்கியில் மாற்றக் கட்டணம் கேட்டால், ஜெயித்ததற்கு மேல் நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.